இறக்கத்தில் எந்த மோடு

தினமும் ஓட்டுவதற்கு எந்த மோடு நல்லது? கார் ஷோரூமில் வேலை பார்த்த காலம் முழுவதும் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஓய்வு பெற்று, கொல்லிமலைமேல் என் ஊர்ப்பக்கமான எடப்புளி நாட்டுக்குத் திரும்பி, மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஷோரூமில் சர்வீஸ் கவுண்டரில் சேர்ந்தவள். இப்போது அங்கே அவள்தான் சேல்ஸ் மேனேஜர்.

"அண்ணா, புதுசா சேந்தவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஈகோ, நார்மல், ஸ்போர்ட், எது எதுக்குன்னு. நீங்க சொன்னா நல்லாப் புரியும்."

எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் பதில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கத்தில் எழுத வேண்டியதைச் சுகன்யா கேட்கவில்லை. அதனால் இதை அவளுக்கு அனுப்பப் போவதில்லை.

அந்த நாலு வரியை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்ட நார்மல் போதும். ஈகோவில் வைத்தால் ஆக்சிலேட்டரை மிதித்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வண்டி கிளம்பும். சமதளத்தில், அவசரமில்லாத ரோட்டில் அது சரி, டீசலும் மிச்சம். ஸ்போர்ட்டில் வைத்தால் வண்டி சின்ன கியரிலேயே நின்று இழுக்கும், லாரியை முந்துவதற்கும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேடு ஏறுவதற்கும் உதவும், தினமும் அப்படி ஓட்டினால் டேங்க் தாங்காது. மலை இறங்குவதற்கு இந்த மூன்றையும் நம்ப முடியாது. லீவரைப் பக்கவாட்டில் தள்ளி, கியரை நாமே குறைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அப்போது வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. வண்டியோடு தருகிற புத்தகத்திலேயே இருக்கிறது. ஷோரூமில் கூட்டிப் பெருக்க வரும் அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

நான் இதை லாரியில் கற்றேன். மரவள்ளியும் பலாவும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து கீழே இறக்கும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, முதுகு போகும்வரை ஓட்டினேன். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பதுதான் அங்கே முதல் பாடம். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வேலையில்லாமல் இருந்தபோது, அடிவாரத்துப் பக்கம் புதிதாக வந்த கார் ஷோரூமில் மலை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். என்னை எடுத்துக்கொண்டவர் மேனேஜர் மோகன் சார்.

மோகன் சாரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். அவர் அப்படி இல்லை. முழுக்கை வெள்ளைச் சட்டை, கையை மடித்து யாரும் பார்த்ததில்லை. கஸ்டமர் வாசலில் செருப்பு விடலாமா வேண்டாமா என்று தயங்கும்போதே எழுந்து வந்து, "அப்படியே வாங்க கண்ணு, இது உங்க ஊடு" என்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் காரைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார். கூட வந்த பெண்களிடம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டு அதை அடுத்த தடவை வரைக்கும் நினைவில் வைத்திருப்பார். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் கேட்காமலேயே லீவு கொடுத்தார். இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டும் போனார். எங்களைத் திட்டியதே கிடையாது. வேலை அவர் சொன்னபடி நடக்காவிட்டால், "பரவால்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க நம்மோடு பேசமாட்டார். அந்தப் பேசாமைக்கு நாங்கள் பயந்தோம்.

கார்களை விற்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். மலை ட்ரையல் என்று அதற்குப் பேர். பெரிய வண்டி வாங்க வருகிறவர்களை ஊருக்குள் ஒரு சுற்று சுற்றி அனுப்புவதில்லை. முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை ஏற்றிக் காட்ட வேண்டும். கஸ்டமர் உட்காரும் முன்பே மோடு திருகு ஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். ஸ்டியரிங் கஸ்டமர் கையில். முதல் மேட்டில் லேசாக மிதித்தாலே வண்டி பாயும், அவர் முகம் மலரும். பின்சீட்டில் யாராவது மெதுவாகப் போகச் சொன்னதும் நான் திருகை நார்மலுக்கு மாற்றி, "இப்பப் பாருங்க, எப்படி அடங்குது" என்று சொல்ல வேண்டும். மேலே போய் டீ வாங்கித் தர வேண்டும்.

இறங்கும்போது ஸ்டியரிங் என் கையில் வந்துவிட வேண்டும். "எறங்கறப்ப கஸ்டமர் கையில வண்டி இருக்கக் கூடாது கண்ணு. எறங்கறப்பதான் வண்டியோட கனம் தெரியும். கனம் தெரிஞ்சா பயம் வரும், பயம் வந்தா யோசிப்பாங்க" என்று எனக்கு முதல் நாளே சொன்னார். நான் பேசிக்கொண்டே, லீவரைத் தள்ளியது தெரியாமல் தள்ளி, பிரேக்கை எப்போதாவது தொட்டு இறக்குவேன். இவ்வளவு சுகமாக இறங்குகிறதே என்று எல்லோரும் வண்டியைப் பாராட்டுவார்கள்.

வண்டியை டெலிவரி கொடுக்கும் அன்று கதை தலைகீழ். திருகு ஈகோவில் இருக்கும். அந்த வண்டி கடைசியாக வைத்த மோடை நினைவில் வைத்துக்கொள்ளும் ரகம். சமதள ரோட்டில் நான் மெதுவாக ஓட்டிவந்து மைலேஜை மீட்டரில் ஏற்றி வைத்திருப்பேன். அதைக் காட்டி, "இதை மாத்தாதீங்க, இப்படியே விட்ருங்க" என்பார் மோகன் சார். மைலேஜ் குறைகிறது என்று யாரும் திரும்பி வரக் கூடாது. புகார் வந்தால் மேலிடத்தில் அவருக்கு மார்க் குறையும்.

ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் முதலாளி ஒருவர் மட்டும் தினமும் ஸ்போர்ட்டிலேயே ஓட்டிவிட்டு, டீசல் குடிக்கிறது என்று சண்டைக்கு வந்தார். மோகன் சார் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து உட்காரவைத்தார். வண்டி உள்ளே போனது. நான் திருகை ஈகோவுக்கு மாற்றினேன், பையன்கள் கழுவினார்கள். "சாஃப்ட்வேர் மாத்தியாச்சுங்க" என்று சாவியை நீட்டினார். அடுத்த வாரம் அந்த முதலாளி ஒரு கூடை மாம்பழம் அனுப்பியிருந்தார். அதைத் தின்றுகொண்டே எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஸ்டெல்லா டீச்சர் வந்தது அதற்குப் பிறகுதான். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மலைமேல் பெரக்கரை நாட்டில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். கணவருக்கு ராசிபுரத்தில் வேலை, ஒரே பெண் கீழே படிக்கிறாள், அதனால் டீச்சர் தினமும் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. பஸ்ஸை நம்பி முடியாமல் லோன் போட்டு வண்டி எடுத்தார். அவருக்கும் மலை ட்ரையல் நான்தான் போனேன், இறக்கத்தில் நான்தான் ஓட்டினேன்.

டெலிவரி எடுத்த சில நாளில் எனக்குப் போன் வந்தது. "அண்ணே, ஏறுறது எனக்கு வந்துட்டு. இறங்குறத மட்டும் யாருமே சொல்லித் தரல. காலு கடுக்குது."

மறுநாள் மோகன் சாரிடம் போய், இறக்கத்தில் ஓட்டுவதையும் கஸ்டமருக்குக் கற்றுக்கொடுக்கலாமே சார் என்றேன். "பரவால்ல கண்ணு, அதெல்லாம் அவங்களே பழகிக்குவாங்க" என்றார். அன்று என்னோடு பேசவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகு, என் லீவு நாளில், அவரோடு போனேன்.

முதலில் ஈகோவிலேயே அவரை இறக்கச் சொன்னேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பெரிய கியருக்குப் போய் ஓட ஆரம்பித்தது. அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கீழே இறங்கி முன்சக்கரத்துக்கிட்டே போய் மோந்து பார்க்கச் சொன்னேன்.

"ஐயோ, அயர்ன் பாக்ஸ்ல துணி கருகின மாதிரி நாறுது!"

"இன்னும் கொஞ்ச தூரம் இப்படியே போனா பெடல் பஞ்சு மாதிரி ஆயிரும் டீச்சர். மிதிச்சா உள்ள போகும், வண்டி நிக்காது."

வண்டி ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு மறுபடி மேலே ஏறி, இந்தத் தடவை லீவரைத் தள்ளி இரண்டாவது கியரில் இறங்கினோம். இன்ஜின் உறுமியது, வண்டி தன்னை அடக்கிக்கொண்டு வந்தது. கீழே வந்து அவராகவே இறங்கிச் சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அறிவியல் டீச்சர், நான் சொல்லாததையும் புரிந்துகொண்டார். மூன்று நான்கு ஞாயிறுகளில் அவருக்குக் கை வந்துவிட்டது. பல மாதம் அப்படித்தான் ஓட்டினார்.

அந்தப் பள்ளியில் சமையல் வேலை பார்த்த ராசாமணி, கீழே வரவேண்டியிருந்தால் அந்த வண்டியில்தான் வருவாள். எங்கள் மலைக்காரிதான், பெரக்கரை நாடு. வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே உட்காருவாள். ஒரு ஞாயிறு எங்களோடு வந்தபோது, "ஏனுங்க, வண்டி எதுக்கு இப்படி உறுமுது? டீச்சரம்மா மேல கோவமாட்ட இருக்குது" என்றாள். டீச்சர் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரம் கட்டவேண்டியதாயிற்று.

முதல் பெரிய சர்வீஸுக்கு வண்டி வந்த அன்று நான் ட்ரையல் வண்டியின் சாவி எடுக்கக் கவுண்டருக்குப் போயிருந்தேன். சுகன்யா கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தாள். டீச்சர் இரண்டு விஷயம் சொன்னார். மைலேஜ் சொன்ன அளவு வரவில்லை, இறங்கும்போது சத்தம் அதிகம். சத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மோகன் சார் தன் அறையிலிருந்து வந்துவிட்டார்.

"எப்படி எறக்கறீங்க கண்ணு?"

டீச்சர் சொன்னார். என்னைக் கைகாட்டியும் சொன்னார்.

"அடடா. தினமும் ரெண்டாவது கியர்ல எறக்கினா கியர்பாக்ஸ் என்னத்துக்காகும்? நாளைக்குத் தேஞ்சு போச்சுன்னு வந்தீங்கன்னா வாரண்டில வராது, நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஈகோல போட்டு விட்ருங்க. லீவரத் தொடவே தொடாதீங்க. இது ஆட்டோமேட்டிக் கண்ணு, அதுக்கே எல்லாம் தெரியும்."

"சார், மலை எறங்க அது ஆகாதுங்க" என்றேன்.

அவர் என் தோளில் கைபோட்டார். "நம்ம வரதராசு லாரிக்காரரு. அவருக்கு எல்லா வண்டியும் லாரிதான்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்டமர்களெல்லாம் சிரித்தார்கள். சுகன்யாவும் சிரித்தாள்.

டீச்சர் வண்டியை எடுக்கும்போது வெளியே ஓடிப்போய் மறுபடி சொன்னேன். "டீச்சர், மைலேஜுக்கு ஏறும்போது என்ன வேணா வைங்க. எறங்கறப்ப மட்டும் அவர் சொன்னதக் கேக்காதீங்க."

"வாரண்டி போயிரும்ங்கறாரேண்ணே. லோன் வண்டி. கியர்பாக்ஸ் போனா நான் எங்க போவேன்?" அவர் முகத்தில் எனக்காக ஒரு வருத்தமும் இருந்தது. மேனேஜரையும் டிரைவரையும் பக்கத்தில் நிறுத்திவைத்து யாரை நம்புவது என்று கேட்டால் அவரால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

ராசாமணியின் மகளுக்கு ராசிபுரம் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்திருந்தது. பள்ளி விட்டதும் பேரனைப் பார்க்க டீச்சரோடு கிளம்பினாள். முள்ளுக்குறிச்சி வழியில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, அதனால் பயமும் குறைவு. இறக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகும். அடிவாரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், டீச்சர் மிதித்த பெடல் உள்ளே போய்விட்டது. பள்ளத்தில் விழாமல் இருக்க அவர் வண்டியை மலைப்பக்கம் திருப்பினார். பாறை இடதுபக்கம் இருந்தது. ராசாமணியும் முன்னால் இடதுபக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

ட்ரையல் முடித்து அந்த வழியாக வந்துகொண்டிருந்த நான் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினேன். ராசாமணியை அப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். முகத்தையும் மூடியிருந்தார்கள். டீச்சர் ரோட்டோரம் உட்கார்ந்து, ஒடிந்த மணிக்கட்டை மறுகையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முன்சக்கரத்திலிருந்து அந்தக் கருகல் நாற்றம் வந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் வண்டியை உயிர்ப்பிக்க முடிகிறதா என்று பட்டனை அழுத்தினார். திரையில் ஈகோவுக்கு உரிய பச்சை இலை எரிந்தது. லீவர் நேராக இருந்தது, பக்கவாட்டில் தள்ளவில்லை.

டீச்சரின் கணவர் ஷோரூம் மேல் புகார் கொடுத்தார். விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முன்னால் மோகன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்தார்.

"நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லல கண்ணு. ஞாபகம் இல்லீங்கன்னு சொல்லுங்க, போதும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது, கல்யாணம் வச்சிருக்கேன்."

"டீச்சரம்மாவுக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. ராசாமணி மகளுக்குப் புள்ள பொறந்து அன்னைக்கு ரெண்டு நாளுதான் ஆயிருந்துச்சுங்க."

"பரவால்ல கண்ணு" என்றார்.

அதிகாரியிடம் கவுண்டரில் நடந்ததை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். மோகன் சார் மறுத்தார். டீச்சருக்கு மலை ஓட்டும் முறைகளையெல்லாம் முன்கூட்டியே விளக்கியதாகவும், நான் அனுமதியில்லாமல் லீவு நாளில் அவரை அழைத்துப்போய் ஏதேதோ சொல்லிக் குழப்பிவிட்டதாகவும் சொன்னார். அதிகாரி சுகன்யாவைக் கூப்பிட்டார்.

"நான் அப்ப போன்ல பேசிட்டிருந்தேன் சார். எதையும் கவனிக்கல."

என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவளுக்கும் அந்த வேலை தேவைப்பட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால் ஒன்றும் குறையவில்லை.

மலை ட்ரையலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஷோரூமுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் புது வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி அடுக்கும் வேலை கொடுத்தார்கள். டீச்சரின் புகாருக்குச் சாட்சி சொல்வதற்காக அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் டீச்சரே கொட்டகைக்கு வந்தார். கையில் கட்டு பிரித்திருந்தது, விரல்கள் சரியாக மடங்கவில்லை.

"அண்ணே, புகார வாபஸ் வாங்கிட்டோம்."

நான் கையிலிருந்த சாவியை மேஜையில் வைத்தேன்.

"சத்தமில்லாம முடிச்சுக்கிட்டா ஊர்ப்பக்கமே மாறுதல் கிடைக்கும்னு எங்க டிபார்ட்மெண்ட் ஆபீஸ்ல சொன்னாங்க. என் கவனக்குறைவுதான்னு சொல்லிட்டேன். எனக்கு இந்த மலையப் பாக்கவே முடியலண்ணே. பொண்ணு தூக்கத்துல எந்திரிச்சு அழுறா."

"அப்ப நான் சொன்னது?"

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை மோகன் சார் கொட்டகைப் பக்கம் வந்து, எல்லோர் முன்னாலும், "டீச்சரே ஒத்துக்கிட்டாங்க கண்ணு. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார். என்னை மன்னித்துவிட்ட குரல். அதற்குப் பிறகு ஷோரூமில் நான் மேனேஜர்மேல் பொய்ப்பழி போட்ட ஆள். டீ குடிக்கும் இடத்தில் நான் போனால் பேச்சு நிற்கும்.

மோகன் சாருக்குக் கோயமுத்தூரில் பெரிய பதவி கிடைத்தது. சில மாதம் கழித்து, டெலிவரியின்போது புதிதாக ஒரு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தார்கள். "மலை இறங்கும்போது லீவரைத் தள்ளி கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்." என் வாயிலிருந்து வந்தது அப்படியே. கொட்டகையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் மலை ட்ரையல் மாறவில்லை, இறக்கத்தில் கஸ்டமர் கையில் இன்றுவரை ஸ்டியரிங்கைக் கொடுப்பதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கே மதியம் டெலிவரி ஒன்று இருந்ததால் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள்.

மலைக்கு வந்து சேர்ந்து ஒரு மழைக்காலம் போன பிறகு, செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சந்தையிலிருந்து திரும்பிய ஒருவர் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க அந்தக் கார் கம்பெனில இருந்தவருதானுங்களே?"

"ஆமாங்க."

"நான் சின்னானுங்க. ராசாமணி வீட்டுக்காரன்."

நான் கும்பிட்டேன். அவர்தான் பேசினார். "அந்த டீச்சரம்மா நல்லா ஓட்டும்னு எம்பட பொண்டாட்டி சொல்லுவா. பயமே இல்லீன்னு சொல்லுவா. அப்பறம் எதுக்குங்க அன்னைக்கு வண்டி நிக்கல?"

போலீஸ், கம்பெனி அதிகாரி, டீச்சரின் ஆபீஸ், இத்தனை பேர் விசாரித்தார்கள். அவரை யாரும் கூப்பிட்டு இதைச் சொன்னதில்லையாம். அவர் சைக்கிள்கூட ஓட்டியவர் இல்லை. நடுநடுவே நிறுத்தி, இன்ஜின் எப்படி வண்டியைப் பிடிக்கும், பிரேக் ஏன் சூடாகும் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

"அந்த லீவர மாத்தியிருந்தா நின்னிருக்குமுங்களா?"

"அடங்கி வந்திருக்குமுங்க. டீச்சருக்கும் அது தெரியும். மாத்தாதீங்கன்னு சொல்லீட்டாங்க."

"சொன்னவருக்கு இது தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"கூட இருந்தவங்களுக்கு?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க."

பஸ் வந்து திரும்பி நின்றது. சின்னான் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"எங்கூட்டுலதானுங்க ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் ஏறவில்லை.